4. இடது கண்ணாடியில் ஐந்து கைகள்

சரியாகப் பதினெட்டு மணி நேரமும் இருபது நிமிடமும் மிச்சம் இருந்தன.

கல்முனை பசாரில் பல்லுக் கட்டும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சீனிமுகம்மது அந்தக் கணக்கைப் போட்டான். இப்போது பிற்பகல் இரண்டு நாற்பது. நாளை காலை ஒன்பது மணிக்கு அவனுடைய கூட்டாளி மசூர் நீதவான் முன்னால் ஏறி நிற்பான். வேகமாக ஜீப் ஓட்டி ஒரு மனிதனை அடித்தது தான்தான் என்று ஒப்புக்கொள்வான். அவனே ஒப்புக்கொண்டால் வேறு யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. தண்டனையை எழுதிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள்.

மசூரின் மனைவி ஹாஜறா நாற்காலியின் நுனியில் இருந்தாள். குள்ளமான பெண். கால்கள் தரையில் முழுதாகப் பதியவில்லை. முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"அவர் அந்த மனிசன அடிக்கல்ல," என்றாள்.

"அப்ப யாரு?" என்று கேட்டான் சீனிமுகம்மது.

"அத மட்டும் என்னட்டக் கேக்காதீங்க காக்கா."

"நல்லாரிக்கி. துப்புத் தேடி வந்த ஆக்கள நான் கண்டிரிக்கன். துப்ப வீட்டுல பூட்டி வெச்சிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான் தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தால் அவனுக்கு வாய் கூடும். அந்த வாயால்தான் பஸ் கண்டக்டர் வேலை போய், இந்த அறையில் உதவியாளாக வந்து சேர்ந்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் அழகரெத்தினம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். பத்து வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரை உடைந்த வாகனங்களைப் பார்த்து மதிப்பிட்டவர். இப்போது பொலிசுக்கு நேரம் கிடைக்காத கரைச்சல்களைச் சனங்கள் அவரிடம் கொண்டுவந்தார்கள்.

"உங்கட மனிசன் பொலிசுக்குச் சொன்னதுல எது சரி, எது பிழை?" என்று கேட்டார் அவர்.

"நீங்க பாருங்க சேர். அந்த ஜீப்பப் போய்ப் பாருங்க. அவ்வளவுதான் எனக்குச் செல்ல ஏலும்."

"அதையாவது ஏன் சொல்லுறீங்க?"

ஹாஜறா எழுந்தாள். "புள்ள பால் குடிக்கிற நேரம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பொலிஸ் எழுதியிருந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு, சம்மாந்துறை வட்டைக்குள்ளிருந்து வயல்களுக்கு நடுவே வரும் செம்மண் கிறவல் வீதியில், நெல் ஆலை முதலாளியின் ஜீப் ஒரு சைக்கிளை அடித்தது. சைக்கிளில் வந்தவர் குணம் என்ற தச்சர். ஓட்டுநர் மசூரே அவரைத் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பிறகு தானாகவே பொலிசுக்குப் போனான். ஜீப்பின் முன்கண்ணாடி உடைந்திருந்தது. சைக்கிள்காரரின் தலை அடித்து உடைந்த கண்ணாடி. ஆகவே வேகம் அதிபயங்கரம். மசூர் எதையும் மறுக்கவில்லை.

"மசூர் ஆள அடிச்சதக்கூட நான் நம்புவன் சேர்," என்றான் சீனிமுகம்மது. "கண்ணாடிய உடைச்சான் எண்டத்தான் நம்ப ஏலாம இரிக்கி. பன்ரெண்டு வரிசத்துல ஒரு கண்ணாடி உடைக்கல்ல அவன்."

அது ஊரறிந்த விஷயம். அந்தப் பெட்டி ஜீப்பின் முன்கண்ணாடி சுவர் மாதிரி நேராக நிற்கும். காரின் கண்ணாடி சரிந்திருப்பதால் வருகிற கல் வழுக்கிப் போகும். இதற்கு வழுக்கத் தெரியாது. எந்தக் கல்லையும் நெஞ்சில் வாங்கும். உடைந்தால் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஒரு மாதம் ஜீப் குருடாகக் கிடக்கும். அதனால் மசூர் அந்தக் கண்ணாடியைப் பிள்ளை மாதிரிப் பார்த்தான். நெல் லொறிக்குப் பின்னால் ஒட்டிப் போகமாட்டான். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றவிடமாட்டான். நிறுத்தினால் சாக்கு விரித்து மூடுவான்.

"மச்சான், நீ கண்ணாடியக் கலியாணம் முடிச்சிரிக்கலாம் எண்டு நான் அவனக் கேலி பண்ணியிரிக்கன்," என்றான் சீனிமுகம்மது.

அழகரெத்தினம் பென்சிலைச் சட்டைப்பையில் குத்தினார். "வா. ஹொண்டா மோட்டர்சைக்கிள எடு."

*

பொலிஸ் நிலைய வளவில், வேப்பமரத்தின் கீழ் ஜீப் நின்றது. காப்புறுதிக்காகச் சேதத்தைப் பார்க்க வந்ததாக அழகரெத்தினம் தன் பழைய கம்பனியின் கடிதம் ஒன்றைக் காட்டினார். வாங்கிப் படித்த கான்ஸ்டபிள், "பாருங்க, ஒண்டையும் கழட்டாதீங்க," என்றான். சீனிமுகம்மது கேட்டதற்கு, மசூர் உள்ளே காய்ச்சலில் நடுங்குவதாகவும் சொல்லிவிட்டு நிழலுக்குப் போனான்.

முன்கண்ணாடி இரண்டு துண்டு. நடுவில் ஓர் இரும்புச் சட்டம். வலப்பக்கத் துண்டு ஓட்டுநருக்கு முன்னால். இடப்பக்கத் துண்டு பக்கத்தில் இருப்பவருக்கு முன்னால். உடைந்திருந்தது வலப்பக்கம் மட்டும். கீழ் மூலையில் புறப்பட்ட வெடிப்பு, ஆறு கிளை பிரிவது போல் மேலே ஓடியிருந்தது.

"தலை பட்டா எப்பிடி உடையும், சீனி?"

"பட்ட இடத்துல ஒரு பூ விரியும். சுத்திவர இதழ்."

"இதுல பூ எங்க?"

சீனிமுகம்மது குனிந்து நிமிர்ந்து தேடினான். இல்லை. வலப்பக்கச் சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் சைக்கிள் பட்ட பள்ளம் இருந்தது. கண்ணாடியில் எதுவும் பட்ட அடையாளம் இல்லை. வெடிப்பு தொடங்கிய மூலைக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்தை உடம்போடு பிடிக்கும் நட் இருந்தது. அழகரெத்தினம் விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. மற்றப் பக்கத்து நட்டும் அப்படியே இறுகிக் கிடந்தது.

"இது மசூரில்ல," என்றான் சீனிமுகம்மது உடனே. "அவன் இந்த நட்ட அரைச் சுத்துத் தளத்தித்தான் வெச்சிரிப்பான். கீழ டியூப் ரப்பர் வெட்டி வெச்சிரிப்பான். ஒரு சில்லு வாய்க்காலுக்குள்ள இறங்கினா ஜீப்புட உடம்பு முறுகும். சட்டம் வழுக்கிக் குடுக்கோணும். இறுக்கிக் கிடந்தா முறுகல் முழுக்கக் கண்ணாடிக்குத்தான்."

"ரப்பர் எங்க?"

ரப்பரும் இல்லை.

யாரோ ரப்பரைக் கழற்றி எறிந்து நட்டை முறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடியை உடைத்தது குணத்தின் தலை அல்ல. சீனிமுகம்மதுக்கு நெஞ்சு இலேசானது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். கால் வைக்கும் இடத்தில், நாலாக மடித்துக் கயிற்றால் கட்டிய சாக்கு கிடந்தது. நடுப்பகுதி அமுங்கிப் பள்ளமாகியிருந்தது.

"இது கண்ணாடிக்கு மூடுற சாக்கு. ஏன் தலகாணி மாதிரிக் கட்டி வெச்சிரிக்கி?"

"சீற்றில போட்டு ஏறி இரு."

அவன் ஏறி இருந்தான். தலை கூரையில் இடித்தது.

"மசூர் என்னவிட அரையடி உசரம். இதுக்கு மேல இருந்து ஓட்டுறெண்டா அவன் தலையக் கழட்டி மடியில வெச்சிரிக்கோணும்."

"அப்ப இதில இருந்தது கட்டையான ஆள்."

"மசூரில்லாத ஒரு கட்டை ஆள்!" சீனிமுகம்மது குதித்து இறங்கினான். இறங்கி மறுபக்கம் சுற்றி வந்தவன், இடப்பக்கக் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

கண்ணாடியின் உட்பக்கத்தில் கிறவல் தூசி செம்மஞ்சளாகப் படிந்திருந்தது. அந்தத் தூசியில் உள்ளங்கைகள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த மாதிரி ஐந்து. வியர்த்த கை அழுத்தமாகப் பதிந்து எடுத்த அடையாளங்கள்.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். எதிரே லொறி வரும்போது கண்ணாடியில் கையை விரித்து அழுத்திப் பிடித்தால், கல் பட்டாலும் கண்ணாடி அதிர்ந்து வெடிக்காது என்பது இந்தப் பக்கத்து ஓட்டுநர்களின் நம்பிக்கை. ஓட்டுகிறவன் தன் பக்கத்தில் பிடிப்பான். பக்கத்தில் இருக்கிறவன் தன் பக்கத்தில் பிடிப்பான். உண்மையில் அது கண்ணாடியைக் காப்பாற்றுமா என்று யாரும் கேட்டதில்லை.

அவனை நிறுத்தியது அது அல்ல. ஐந்து கையிலும் மோதிர விரல் பாதியோடு முடிந்திருந்தது.

மசூரின் வலக்கை மோதிர விரலை ஏழு வருடத்துக்கு முன் சூடடிக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவன் சீனிமுகம்மதுதான்.

மசூர் இடப்பக்கம் இருந்திருக்கிறான். அப்படியானால் பொலிசுக்குச் சொன்னது பொய். ஏன் பொய் சொன்னான்? இது அவனைக் காப்பாற்றுமா, இன்னும் ஆழமாகப் புதைக்குமா? சீனிமுகம்மதின் கை தானாகவே இடுப்பில் கட்டிய சாரன் நுனியைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் போனது.

"சீனி." அழகரெத்தினம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தூசிய அப்பிடியே விடு."

அவன் கையை இறக்கினான். அவர் விரல்களை எண்ணினாரா இல்லையா என்று தெரியவில்லை. அவனும் சொல்லவில்லை.

*

ஆலை முதலாளியின் மகன் மஜீட் சவூதியில் ஆறு வருடம் ஓட்டுநராக இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியிருந்தான். ஆலை முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். பக்கத்தில் பெரிய கசட் ரேடியோ. வாசனைத் திரவியம் நெல் தூசியையும் தாண்டி மணத்தது. அவன் எழுந்து நின்றபோது சீனிமுகம்மது அழகரெத்தினத்தை முழங்கையால் இடித்தான். மஜீட் அவனுடைய தோளுக்குக்கூட வரவில்லை.

"தம்பி, ஜீப்புட கண்ணாடி நட்ட இறுக்கினது யாரு?" என்று கேட்டார் அழகரெத்தினம்.

"நான்தான்." மஜீட் தயங்கவே இல்லை. வாய் ஒருபக்கமாகக் கோணிப் பேசினான். "திங்கக்கிழமை காலத்தால முத்தத்துக்குள்ள ஒரு சுத்து ஓட்டிப் பாத்த. கடகட கடகட எண்டு ஒரே சத்தம். சிரட்டை மூட்டைய உருட்டின மாதிரி. ஆறு வரிசம் பாலைவனத்துல ஓட்டினன், இப்பிடிச் சத்தம் கேட்டதில்ல. அவன் பழைய டியூப் துண்டெல்லாம் சொருகி வெச்சிரிந்தான். எடுத்து எறிஞ்சிட்டு, ஸ்பானர் போட்டு நல்லா இறுக்கிட்டன்."

"மசூருக்குச் சொன்னீங்களா?"

"எதுக்குச் செல்ற? நல்லதுதானே செஞ்ச."

"பாலைவனத்தில நீங்க ஓட்டினது தார் ரோட்டில," என்றார் அழகரெத்தினம். "இஞ்ச வரம்பு, வாய்க்கால், மதகு. ஈரச் சீலையப் புழிஞ்ச மாதிரி முறுகிக்கொண்டுதான் இந்த ஜீப் ஓடும். இரும்பு முறுகும். கண்ணாடி முறுகாது."

மஜீட்டின் முகம் மெல்ல மாறியது. "அப்ப... கண்ணாடி உடைஞ்ச என்னாலயா?"

"கண்ணாடி உடைஞ்சது உங்களால. ஆளை அடிச்சது யாரால எண்டுதான் கேக்கிறம்."

"திங்கள் பின்னேரம் நாலு மணிக்கு ஜீப்ப ஓட்டின நீங்கதானே?" சீனிமுகம்மது ஓரடி முன்னால் வந்தான். "ஓட்டிட்டு மசூரப் பலி குடுத்தீங்க. முதலாளிர மகன், அவன் சம்பளக்காரன். செல்லுங்க."

"என்ன கதைக்கிறீங்க?" மஜீட் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். இப்போதுதான் சீனிமுகம்மது பார்த்தான்: கன்னம் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. "திங்கள் மூண்டரைல இரிந்து நாலரை மட்டும் நான் பல்லுக் கடைல. கடவாப் பல்லு. மூணு பேர் பிடிச்சு வெச்சுத்தான் புடுங்கின. கல்முனை பசார்ல, அந்த மேல்மாடி இரிக்கிற கட்டிடம்..."

சீனிமுகம்மதின் வாய் திறந்தபடி நின்றது.

திங்கட்கிழமை பின்னேரம் அந்த மேல்மாடியில் அவன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து வந்த அலறலில் கிளாஸ் கைதவறிக் காலில் விழுந்தது. மாடு அறுக்கிறார்களா என்று யன்னலால் எட்டிக்கூடப் பார்த்தான். சரியாக நாலு பத்து. அசர் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தச் சத்தம் ஒங்கடயா?" என்றான் மெதுவாக.

"ஒங்களுக்கும் கேட்டதா?" மஜீட் வெட்கப்பட்டான்.

சந்தேகத்துக்கு வைத்திருந்த ஒரே ஆள் போய்விட்டான். அதுவும் அவனுக்குச் சாட்சி சீனிமுகம்மதே. ஹொண்டாவை மிதித்து எடுக்கும்போது அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு முப்பத்தைந்து. பதினாறு மணி நேரமும் சில்லறை நிமிடங்களும்.

*

ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்குத்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். குணம் கடைசிக் கட்டிலில் கிடந்தார். கால் மாக்கட்டில். முறிந்தது கால் மட்டுமே. தலையில் ஒரு சிறாய்ப்புக்கூட இல்லை.

"கண்ணாடிய உடைச்ச தலை இதுதானாம்," என்றான் சீனிமுகம்மது. "சிவனே எண்டு எண்ணெய் வெச்சு வாரிக் கிடக்கு."

"என்ர தலை கண்ணாடியில படவே இல்லையே," என்றார் குணம். "கால்தான் மட்காட்டில பட்டது."

"பொலிஸ் கேக்கல்லயா?"

"காலமை வந்தவங்கள். எனக்கு மருந்து மயக்கம் தெளியல்ல. பேரும் ஊரும் எழுதிக்கொண்டு போயிட்டாங்கள்."

அழகரெத்தினம் கட்டில் ஓரத்தில் குந்தினார். "நடந்ததச் சொல்லுங்க. முதல்ல இருந்து."

"நான் வயல் பக்கம் போறன். ஒரு வாடிக் குடிலுக்குக் கதவு போடோணும். வெயில் நேர முகத்தில. எதிர ஜீப் வருது. மெல்லமாத்தான் வருது, நான் சைக்கிள உருட்டிக்கொண்டு போனாலும் அதவிட வேகம். மதகில ஏறி இறங்கினது. 'டக்' எண்டு ஒரு சத்தம். விறகு வெடிச்ச மாதிரி. மறுகாதான் ஜீப் என்ர பக்கம் வெட்டித் திரும்பினது."

"முதல்ல சத்தம். பிறகுதான் அடிச்சது."

"ஓம். முதல்ல சத்தம்."

"ஓட்டினது யார் எண்டு..."

"வெயில் ஐயா. பெட்டி மாதிரி ஒரு கறுப்புத்தான் தெரிஞ்சது. நான் விழுந்து கிடக்கிறன். கதவு திறந்து சாத்துற சத்தம். இன்னொரு கதவு திறந்து சாத்துற சத்தம்."

சீனிமுகம்மது நிமிர்ந்தான்.

"ரெண்டு கதவா?"

"ரெண்டு கதவு. மறுகா ஒரு ஆள் வாயில தண்ணி ஊத்தினது. ஒரு ஆள் என்ர கால அசையாமப் பிடிச்சது. நாலு கை இருந்ததே. கண்ணத் திறக்கேலாது, ஒரே தூசி. பெரிய குரல் ஒண்டு 'பயப்படாதீங்க, பயப்படாதீங்க' எண்டது. மற்ற ஆள் ஒரு சொல்லும் கதைக்கல்ல. மூச்சு மட்டும் கேட்டது. அழுற மூச்சு."

ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கும்போது சீனிமுகம்மது பாதிப் படியில் நின்றான்.

"சேர். அந்தக் கண்ணாடிக் கை..."

"மோதிர விரல் கட்டை."

"தெரியுமா?"

"நீ சாரன் நுனியத் தூக்கினபோதே உன்ர கூட்டாளிட கை எண்டு விளங்கிற்று. விரல் விஷயம் ஆஸ்பத்திரிக்கு வரக்குள்ள நீ ஹாண்டிலைப் பிடிச்ச விதத்தில. மோதிர விரல மட்டும் மடிச்சு மடிச்சுப் பாத்துக்கொண்டு வந்தாய்."

சீனிமுகம்மது படியில் இருந்துவிட்டான். "நான் செல்லாம விட்டது பிழைதான். செல்லியிருந்தா அவனுக்குக் கெடுதியா வருமோ எண்டு..."

"நானும் உன்னக் கேக்கல்லத்தானே. இப்ப யோசி. மசூர் இடப்பக்கம் இருந்தான். வலப்பக்கம் கட்டையான ஒரு ஆள், சாக்கு மடிச்சுப் போட்டு இருந்து, பக்குவமா ஓட்டின ஆள். மதகில ஏறேக்க கண்முன்னால கண்ணாடி வெடிக்குது. பயத்தில கை திரும்பிற்று. அந்த ஆளைக் காப்பாத்த மசூர் ஜெயிலுக்குப் போறான். அப்பிடி யாரு இருக்கு அவனுக்கு?"

"ஜெயிலுக்குப் போற அளவுக்கு மசூருக்கு விருப்பமான ஆக்கள் ரெண்டே பேர்தான் சேர். ஒண்டு அவன்ட மகள்." சீனிமுகம்மது படியிலிருந்து எழுந்தான். "அவளுக்கு ஏழு மாசம்."

மற்ற ஆள் யார் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. இருவரும் ஹொண்டாவை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனபின் ஓடினார்கள்.

*

கல்முனைக்குடியில், கடலுக்கு இரண்டு வளவு இப்பால் இருந்தது மசூரின் வீடு. உள்ளே சீலையில் கட்டிய ஏணை ஆடிக்கொண்டிருந்தது. ஹாஜறா ஒரு கையால் அதன் கயிற்றைப் பிடித்தபடி வாசலைப் பார்த்தாள். அவர்கள் முகத்தைக் கண்டதும் ஏணை ஆட்டுவதை நிறுத்தினாள். பிள்ளை சிணுங்கியது. மறுபடி ஆட்டினாள்.

"ஜீப்பப் பாத்தீங்களா?"

"பாத்தம்," என்றார் அழகரெத்தினம். வாசலில் நின்றே பேசினார். "நட்ட இறுக்கினது மஜீட். மதகில ஜீப் முறுக, கண்ணாடி தானா வெடிச்சது. குணம் அதுக்குப் பிறகுதான் அடிபட்டவர். வேகம் இல்லை. எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. மஜீட் சொல்லுவார். குணம் சொல்லுவார்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப அவர விட்ருவாங்களா?"

"மாட்டாங்கள். நாளைக்கு அவர் வேகமா ஓட்டினன் எண்டு ஒப்புக்கொண்டா இதுகள ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள். அவர் ஒப்புக்கொள்ளுறது ஒரு காரணத்துக்காக. ஓட்டினது யார் எண்டு கேள்வி வரக்கூடாது எண்டுதான். அந்தக் கேள்விக்கு முதல்ல பதில் வரோணும். வந்தாத்தான் சட்டத்தரணிக்கு மிச்சத்தக் கதைக்க ஏலும்."

"நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்களே. நீங்களே போய்ச் செல்லுங்க."

"நான் சொன்னா அது தூசியில கண்ட ஒரு கை. காலமை ஒரு ஆள் சீலையால துடைச்சா அதுவும் இல்லை. இருந்த ஆள் சொன்னாத்தான் சாட்சி."

ஹாஜறா ஏணைக் கயிற்றை இறுகப் பற்றினாள். "என்னால ஏலா."

"என்னத்துக்கு ஏலா?" சீனிமுகம்மதின் குரல் உயர்ந்தது. "அவன் உள்ளுக்குக் கிடக்கிறான். காச்சல்ல நடுங்குறானாம். பொலிஸ்காரன் செல்றான், ரெண்டு போர்வை குடுத்தும் நடுக்கம் நிக்கல்லயாம். ஏன் ஏலா?"

"சத்தியம் வாங்கிட்டார்." அவள் கண் நிறைந்தது. விழவில்லை. "ஜீப்பில அந்த மனிசன ஏத்திட்டு, என்ன ரோட்டுல இறக்கிட்டு, அல்லாஹ் மேல சத்தியம் பண்ணு எண்டார். பொலிசுக்கிட்ட, கோட்டுல, ஆருக்கும் வாய் திறக்கமாட்டன் எண்டு. புள்ள பால் குடிக்குது, ஒன்ன அடைச்சா புள்ள என்னாகும் எண்டு கேட்டார். நான் சத்தியம் பண்ணின. மறுகா ரெண்டு ராவு நித்திர இல்ல. அதான் ஒங்களுக்கிட்ட வந்த. நான் செல்லாம நீங்களாக் கண்டுபிடிச்சா சத்தியம் முறியாதுதானே எண்டு."

ஹாஜறா ஏணையை மறுபடி ஆட்டத் தொடங்கினாள்.

சீனிமுகம்மது முன்னால் வந்து, வாசல்படியில் சம்மணம் போட்டு இருந்தான்.

"தங்கச்சி, சத்தியத்த முறிக்கிறதப் பத்தி இந்த ஊர்ல என்னவிடத் தெரிஞ்ச ஆள் இல்ல. கேளுங்க. பத்து ஏழைக்கு வயிறாறச் சோறு குடுக்கோணும். வசதி இல்லாட்டி மூணு நோன்பு. பள்ளிவாசல் லெப்பை எனக்கு மூணு தரம் செல்லித் தந்திரிக்கார், ஒவ்வொரு தரமும் திட்டித் திட்டி. சத்தியம் பண்ணினதவிட நல்லது ஒண்டு முன்னால வந்தா, முறிச்சிட்டு நல்லதச் செய்யச் செல்லித்தான் இரிக்கி. நோன்ப நானும் பிடிக்கன். எனக்கும் பழைய பாக்கி கிடக்கு."

அவள் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

"புள்ளைய என்ன செய்ற?" என்று அழகரெத்தினத்தைக் கேட்டாள். "என்ன அடைப்பாங்களா?"

அவர் வாசல் நிலையில் கையை ஊன்றினார். "லைசன் இல்லாம ஓட்டினதுக்குத் தண்டனை இருக்கு. அது எவ்வளவு எண்டு நான் வாக்குத் தரமாட்டன். ஆனா கண்ணாடி உங்களால உடையல்ல. நீங்க வேகமா வரல்ல. விழுந்த ஆள விட்டிட்டு ஓடல்ல. இந்த மூண்டும் நீதவான் காதில விழோணும் எண்டா, முதல்ல நீங்க வாய் திறக்கோணும். மசூர் திறந்தா அவ்வளவும் புதைஞ்சு போகும்."

தெருக்கோடிப் பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. ஹாஜறா முக்காட்டை இழுத்துவிட்டு, அது முடியும்வரை தலை குனிந்து நின்றாள். சீனிமுகம்மது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாங்கு ஓய்ந்தது. கடல் இரைச்சல் மறுபடி கேட்டது.

அவள் ஏணைக்குள் குனிந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வயலுக்குச் சோறு கொண்டு போன நான். அவருக்கு நடுக்கக் காச்சல். ஸ்டேரிங் பிடிக்க ஏலாம கை உதறின. வெட்டின வயலுக்குள்ள எனக்குப் போன வரிசமே ஓட்டப் பழக்கித் தந்தவர். லொறி வரக்குள்ள எல்லாம், அந்தக் காச்சலோட, கண்ணாடிக்குக் கை வெச்சிட்டுத்தான் வந்தார். மறுகா அந்த மனிசனுக்காகத்தான் உதறின கையோடயே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்." அவள் நிமிர்ந்து அழகரெத்தினத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஜீப்ப ஓட்டின நான்."